ஒரு பெட்டிக்குள் சில தனி வீடுகள்

இணையத்தளங்களுக்கு இடம் வாடகைக்கு விடுகிற தொழிலில், எல்லாம் ஒழுங்காக ஓடுகிறவரை நம்மை ஒருவருக்கும் ஞாபகம் இருப்பதில்லை. இதில் தலையைக் கொடுத்த உங்களுக்கு நான் சொல்லித் தெரியவேண்டியதில்லை. நான் தலையைக் கொடுத்தது ஆசிரியர் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு, ஹட்டன் நகரில் ஒரு மாடி அறையில். பங்காளி ரிஸ்வான், கீழே கைபேசிக் கடை வைத்திருந்தவர். வாடிக்கையாளர்களின் தளங்கள் எல்லாம் குடியிருந்த சேர்வர் கொழும்பில் ஒரு குளிர் அறையில் இருந்தது. நாங்கள் மழைக்கும் மூடுபனிக்கும் நடுவே, தொலைபேசிக் கம்பி வழியாக அதன் நாடியைப் பிடித்துக்கொண்டிருந்தோம்.

கல்யாணம் ஓரிடம், கதவடைப்பு ஓரிடம்

எங்கள் வாடிக்கையாளர்களில் ஒருவர், டிக்கோயாவில் ஸ்டூடியோ வைத்திருந்த செல்வம், ஒரு பெரிய கல்யாணத்தின் படங்களைச் சிறிதாக்காமல் அப்படியே தன் தளத்தில் ஏற்றிவிட்டார். மணமக்களின் உறவினர் எந்தெந்த நாட்டிலிருந்தோ ஒரே நேரத்தில் பார்க்க வந்தார்கள். சேர்வர் மூச்சுமுட்டி விழுந்தது. அதே சேர்வரில் இருந்த நுவரெலியா விடுதி ஒன்றின் தளமும் கூடவே விழுந்தது.

விடுதிக்காரர் ஜெயரட்ணம் யாழ்ப்பாணத்துக்காரர், முன்னாள் அரசாங்க அதிகாரி. எங்களுக்கு இருந்ததிலேயே பெரிய வாடிக்கையாளர். அவர் போனால் நாங்கள் கடையை மூட வேண்டியதுதான். சுற்றுலாக் கூட்டம் மலையேறி வருகிற ஏப்ரல் சீசனுக்குள் இதைச் சரிசெய்யாவிட்டால் கொழும்புக் கம்பனி ஒன்றுக்கு மாறிவிடப்போவதாக நிதானமாகச் சொன்னார். வைக்கப்போன தொலைபேசியை மறுபடி காதில் வைத்துக் கேட்டார்: "தங்கச்சி, ஆரோ கலியாணம் முடிச்சதுக்கு என்ர விடுதியை ஏன் பூட்டினனீங்கள்?"

இல்லாத கணினி பேசியது

ஒரு கணினியைப் பல கணினிகளாகப் பிரித்து ஆளுக்கொன்றாகக் கொடுக்கும் மென்பொருள்கள் வந்திருந்தன. அதில் இரண்டு வகை. முதல் வகையில் எல்லாருக்கும் பொதுவாக ஒரே இயங்குதளம், நடுவில் தடுப்புகள் மட்டும். பாரம் குறைவு, நிறையப் பேரைக் குடியேற்றலாம். இரண்டாவது வகையில் ஒவ்வொருவருக்கும் சொந்தமாக ஓர் இயங்குதளம். பாரம் அதிகம், கொஞ்சப் பேருக்குத்தான் இடம். ஒரு புதுப் பெட்டியை வாங்கி மாடி அறையில் வைத்து, இரண்டையும் முயன்று பார்த்தோம்.

முதல் நாள் திரையில் எழுத்துகள் சரசரவென்று ஓடி நின்றன. பெட்டிக்குள் பிறந்த புதுக் கணினி எங்கள் பெயரைக் கேட்டது. கையால் தொட முடியாத ஒன்று, "யார் நீ?" என்று கேட்கிறது! வாழ்க்கையில் என்னை யாரும் அவ்வளவு ஆவலாக விசாரித்ததில்லை. எனக்கு உடம்பு சிலிர்த்தது. ரிஸ்வான் பெட்டியைத் தட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "டீச்சர், பெட்டி ஒண்டுதான், உள்ளுக்கு வேற ஆளும் இரிக்காரு!"

லயம் என்ற சொல்

எங்களுக்கு முதல் வகைதான் பிடித்திருந்தது. நிறைய வாடிக்கையாளர், நிறைய வருமானம். இதை ஊராருக்கு எப்படிப் புரியவைப்பது? எனக்கு ஓர் உவமை தோன்றியது. தேயிலைத் தோட்டத்துத் தொழிலாளர் குடியிருக்கும் லயத்தைப் பாருங்கள்: ஒரே நீளக் கூரை, நடுவில் சுவர், குடும்பத்துக்கு ஒரு காம்பரா. இதைவிடப் பொருத்தமாக யார் சொல்லிவிட முடியும்? பெருமையோடு முதலில் செல்வத்திடம் சொன்னேன். அவர் அப்போதுதான் பெற்றோரை லயத்திலிருந்து அழைத்துவந்து சொந்த வீட்டில் குடிவைத்திருந்தார். முகம் சுருங்கிப்போய்ச் சொன்னார்: "காசு வாங்கிக்கிட்டு மறுபடி லயத்துக்கே போகச் சொல்றீங்களா டீச்சர்? அதவிட்டு வெளிய வரத்தானுங்க எங்க பரம்பரையே பாடுபட்டுச்சு!"

ஒரு வாரத்துக்குள் 'டீச்சர் கம்ப்யூட்டருல லயம் கட்டுறாங்களாம்' என்று நகரமெல்லாம் பேச்சு. மாடிவீட்டுத் தொகுதி என்று பெயரை மாற்றிப் பார்த்தேன். யாரும் கேட்கவில்லை. சொல்தான் பிழை, பொருள் சரி என்று நாங்கள் நினைத்துக்கொண்டிருந்தபோது, சோதனைக்காக ஒரு தடுப்புக்குள் கன்னாபின்னாவென்று வேலை கொடுத்தோம். பொது இயங்குதளம் தடுக்கி விழுந்தது, மற்றத் தடுப்புகளில் இருந்தவையும் கூடவே அணைந்தன. ஜெயரட்ணம் அன்றைக்குக் கேட்ட கேள்வி மறுபடி என் காதில் ஒலித்தது. ரிஸ்வான் தாடியைத் தடவிக்கொண்டே சொன்னார்: "அப்ப தனி வீடே கட்டுவோம் டீச்சர். ஆள் கொறஞ்சா கொறயட்டும், ஏச்சும் கொறயும்தானே!"

கம்பளிக்குள் யார்?

சீசன் நெருங்கிவிட்டது. இரண்டாவது வகையை ஏற்றிய பெட்டியைக் குளிர் அறையில் கொண்டுபோய் வைப்பதற்காகக் கம்பளியில் சுற்றி, கொழும்பு ரயிலில் மடியில் வைத்துக்கொண்டு புறப்பட்டேன். ஒவ்வொரு வளைவிலும் அதை இறுக்கிக் கட்டிக்கொண்டேன். வட்டவளையில் ஏறிய ஓர் அம்மாள் என்னையும் மூட்டையையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, "என்ன சாமிங்க?" என்று மெதுவாகக் கேட்டார்.

கோயிலுக்குப் புதுச் சிலை கொண்டுபோகிறேன் என்று நினைத்துவிட்டார். உள்ளே இருப்பதை விளக்க எனக்கு எந்த உவமையும் துணிவாக வரவில்லை. "இன்னும் கண் திறக்கலீங்க" என்றேன். அவர் பதறிப்போனார்: "கண்ணு தெறக்காத சாமிய இப்புடியா தூக்கிட்டுப் போவாங்க? அவுங்களுக்குன்னு ஒரு டிக்கட்டு எடுத்திருக்கக் கூடாதுங்களா?"

சீசன் நேரத்துத் தொலைபேசி

பெட்டியைக் குளிர் அறையில் வைத்து, வாடிக்கையாளர்களை ஆளுக்கொரு வீட்டில் குடியேற்றி முடிக்கவும் ஏப்ரல் வந்தது. செல்வம் இன்னொரு கல்யாணத்தை, போனதைவிடப் பெரியதை, அப்படியே ஏற்றினார். பெட்டிக்குள் அவருக்குக் கொடுத்திருந்த வீடு திணறித் திணறி நின்றுபோனது. ரிஸ்வானும் நானும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நுவரெலியா விடுதியின் தளத்தைத் திறந்தோம். ரோஜாத் தோட்டமும் முன்பதிவுப் பக்கமும் பளிச்சென்று வந்தன! வயதை மறந்து கைதட்டினேன்.

அந்த நேரம் பார்த்துத் தொலைபேசி அடித்தது. ஜெயரட்ணம். மாறிப்போகிறேன் என்று சொல்லத்தான் அழைக்கிறாரோ என்று நினைத்துக்கொண்டே எடுத்தேன். அவர் சொன்னார்: "தங்கச்சி, கட்டில் எல்லாம் நிரம்பியிட்டுது. சனம் இன்னும் பதிஞ்சுகொண்டே இருக்குது, நான் எங்கை படுக்கவைக்கிறது? ரெண்டு நாளைக்கு இந்தச் சாமானை நிப்பாட்டி வைக்க ஏலாதே?"

ஓடாவிட்டால் ஏசுகிறார்கள், ஓடினால் நிறுத்தச் சொல்கிறார்கள், இரண்டுக்கும் நடுவில் ஒரு கைதட்டல் நேரம் மட்டும் நமக்கென்று கிடைக்கிறது.