புல் அறுக்கும் சீட்டு

தேயிலை விலை விழுந்து கிடந்த வருடங்களில் நான் குன்னூர்ப் பக்கம் ஒரு வனச்சரக அலுவலகத்தில் எழுத்தர். மாதம் ஒருமுறை தீ அறிக்கை அனுப்புவேன். வருடக்கணக்காக அதில் ஒரே சொல்தான்: 'இல்லை'. அதற்கு வந்த பாராட்டுச் சான்றிதழைக் கண்ணாடி போட்டு மாட்டியிருந்தோம்.

சான்றிதழில் இல்லாத சங்கதி ஒன்று உண்டு. முன்பெல்லாம் மாடு மேய்ப்பவர்கள் காய்ந்த புல்லுக்குத் தீ வைப்பார்கள். அரை மணியில் ஓடி அணைந்துவிடும். மழைக்குப் புதுப்புல் வரும். அதைக் குற்றமாக்கி ஒழித்தோம். புல் இருந்த சரிவில் வெளிநாட்டுச் சீகை மரம் ஏறியது, அதனடியில் உண்ணிச்செடி புதராக மண்டியது, அதற்கும் அடியில் முழங்கால் அளவு சருகு. ஆண்டுதோறும் கொஞ்சமாக எரிய வேண்டியதை மொத்தமாகச் சேமித்து வைத்தோம். தீத்தடுப்புக் கோடு வெட்ட நிதி கேட்டால், 'உங்கள் சரகத்தில்தான் தீயே இல்லையே' என்று கோப்பு திரும்பும். ஆதாரம் நானே அனுப்பியது.

சரிவுக்குக் கீழே ஒரு எஸ்டேட். வாரத்தில் மூன்று நாள்தான் வேலை. கவாத்து இல்லாமல் தேயிலையும் புதராகிவிட, காடு தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயத்தின் கூரை வரை இறங்கிவிட்டது. முதல் வீட்டுக்காரி இலங்கைத் தோட்டத்திலிருந்து வந்த அம்மாள். பின்னால் இருக்கும் புதரை வெட்ட அனுமதி கேட்டு இரண்டு மனு போட்டார். காப்புக்காட்டில் செடி வெட்டக்கூடாது என்று இரண்டுக்கும் பிரிவு எண்ணோடு பதில் எழுதினேன். மூன்றாவது முறை நேரிலேயே வந்துவிட்டார்.

"ஐயா, பங்குனியில எங்க லயம் பத்திக்கிட்டா அப்பவும் இல்லைன்னுதான் எழுதுவீங்களா?"

விதியை விளக்கப் பழைய வரைபடத்தை விரித்தேன். அந்தச் சரிவில் என்ன போட்டிருக்கிறது என்று கேட்டார். புல்வெளி என்றேன்.

"மரம், செடி?"

"மேப்பில் இல்லை."

"அப்ப புல்லு அறுக்கச் சீட்டு குடுங்க."

அப்படி ஒரு சீட்டு உண்டு. புல்லே இல்லாததால் யாரும் கேட்காமல் அலமாரியில் கிடந்தது. சரக அலுவலர் வரைபடத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், கையெழுத்துப் போட்டார்.

மறுநாள் காவலர் மூச்சிரைக்க வந்தார். "ஏனுங்க சார், புல்லறுக்க எல்லாரும் கோடாலியோட வந்திருக்காங்க?"

"முற்றின புல்" என்றேன்.

வேலையில்லாத நாட்களில் லயத்துப் பெண்கள் சரிவின் குறுக்கே ஒரு பஸ் திரும்பும் அகலத்துக்கு வெட்டிச் சருகையும் வாரினார்கள். அந்த வருடம் லயத்தில் விறகுக்குப் பஞ்சமில்லை.

பங்குனியில் ஒரு மதியம் மேலிருந்து தீ இறங்கியது. பனை உயரம். நாங்கள் போய்ச் சேர்ந்தபோது வெட்டிய இடத்தில் தின்ன எதுவுமின்றித் தணிந்து நின்றது. தாண்டி விழுந்த பொறிகளை அந்தப் பெண்கள் பச்சைக் கிளைகளால் அடித்துக்கொண்டிருந்தார்கள். நஷ்டம், கொடியில் காய்ந்த துணிகளில் படிந்த கரி.

அறிக்கையில் முதன்முறையாக 'ஆம்' எழுதினேன். எரிந்தது எது என்ற கட்டத்தில் 'புல்' என்றேன். அந்த அம்மாள் படிக்கச் சொல்லிக் கேட்டார்.

"அம்மாடி, அவ்வளவு உசரத்துக்கு எரிஞ்சது புல்லுங்களா?"

"மேப்புப்படி."

அடுத்த தை மாதம் சீட்டுக்கு லயமே வந்து நின்றது, சீட்டுப் புத்தகம் தீர்ந்துவிட்டது. புதிதாக அச்சடிக்க மேலே எழுதினேன். காரணம் கேட்டார்கள். புல் அமோகமாக விளைந்திருக்கிறது என்று பதில் போட்டேன்.