துணி துவைக்கும் அறையில் ஐந்து பேர்

பிள்ளைகளே, நாங்கள் இருக்கும் சென்ட் லோரன்டில் யார் யார் இருக்கிறார்கள் என்று பள்ளிக்கூடத்துக்காக நீங்கள் செய்த அட்டையைப் பார்த்தேன். ஒரு பெரிய வட்டம், அதற்குள் நிறம் நிறமாய்த் துண்டுகள். அராபி பேசுகிறவர்கள், பிரெஞ்சு பேசுகிறவர்கள், கடைசியில் மெல்லிய மஞ்சள் கீறாகத் தமிழ். வடிவாக இருந்தது. அந்த மஞ்சள் கீறுக்குள் உங்கள் மாமாவும் இருக்கிறார். அவர் அதற்குள் போன கதை உங்களுக்குப் பாதிதான் தெரியும். மீதியை எழுதிவைக்கிறேன்.

குடிசன மதிப்பீட்டுக் கடிதம் வந்து நெடுநாள் குளிர்சாதனப் பெட்டியின் மேல் கிடந்தது. முதல் கேள்வியே இந்த வீட்டில் எத்தனை பேர் என்பதுதான். நாலு என்று எழுதினால் பொய். ஐந்து என்று எழுதப் பயம். உங்கள் மாமா, அம்மாவின் தம்பி, அகதி வழக்கு முடியாமல் ஒன்றரை வருடமாக எங்கள் முன்னறைச் சோபாவில் படுத்துக்கொண்டிருந்தார். அரசாங்கத் தாள் ஒன்றில் அவர் பெயர் ஏறினால் அது எங்கெங்கோ போய் வழக்கைக் கெடுத்துவிடும் என்று நான் நம்பினேன். யார் கேட்டாலும் "விசிட் வந்தவர்" என்றே சொல்லிவந்தேன். ஆகவே கடிதத்தை நிரப்பவில்லை. நிரப்பாத வீட்டுக்கு ஆள் அனுப்புவார்கள் என்று எனக்குத் தெரியாது.

ஒரு சனிக்கிழமை மத்தியானம், கழுத்தில் அட்டை தொங்கவிட்ட ஒரு பெண் வாசலில் நிற்பதை யன்னலால் பார்த்துவிட்டு மகள் சொன்னாள்: "அப்பா, ஆக்களை எண்ண வந்திருக்கினம்."

ஊரில் எங்களை எண்ண வந்த ஆமிக்காரர் துவக்கோடு வந்தார்கள். வீட்டிலுள்ளவர்களின் பட்டியலைக் கையில் வைத்திருப்பார்கள். பட்டியலில் இல்லாதவர் பின்வேலியால் போய்விடவேண்டும். எங்கள் தொடர்மாடிக்குப் பின்வேலி இல்லை. நிலக்கீழில் துணி துவைக்கும் அறைதான் இருந்தது.

"மச்சான், உடுப்புக் கூடையைத் தூக்கிக்கொண்டு கீழை போம்."

"எல்லாம் தோய்ச்ச உடுப்பு, அத்தான்."

"இன்னொருக்காத் தோயும்!"

அவர் போனதும் உங்களை வயதுப்படி வரிசையில் நிறுத்தி, நாலு கடவுச்சீட்டையும் கையில் வைத்துக்கொண்டு கதவைத் திறந்தேன். அந்தப் பெண் கடவுச்சீட்டுகளைப் பார்த்துப் பயந்துபோனார். அதெல்லாம் வேண்டாம், எத்தனை பேர் என்று சொன்னால் போதும் என்றார். "நாலு" என்றேன். "மாமாவோடை அஞ்சு" என்றான் சின்னவன். அவன் அதைத் தமிழில் சொன்னது எங்கள் அதிர்ஷ்டம். அம்மா அவனைக் குசினிக்குள் இழுத்துக்கொண்டு போனா.

அதோடு முடிந்தது என்று நினைத்தேன். ஆனால் முன்னொரு காலத்தில் அந்தத் துணி துவைக்கும் அறையில் காவலாளி குடியிருந்தாராம். அந்த அறைக் கதவில் இன்னும் ஒரு வீட்டிலக்கம் இருக்கிறது. அந்தப் பெண்ணின் பட்டியலில் அதுவும் பதில் போடாத ஒரு வீடு.

கீழே நடந்ததை மாமாதான் பிறகு சொன்னார். அவர் போனபோது அங்கே ஏற்கெனவே நாலு பேர் இருந்தார்களாம். முதலாம் மாடி ஹெய்ட்டி அம்மாவின் தம்பி. மூன்றாம் மாடி சிரியாக் குடும்பத்துப் பெரியப்பா. மூன்று பேருக்கு எடுத்த வீட்டில் இருக்கும் பஞ்சாபி மாணவர்களில் நாலாவது ஆள். இப்போதைய காவலாளியின் மாமியார், ருமேனியாக்காரி, உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டு. நாலு பேரும் மூன்று மெஷினையும் வெறுமையாய் ஓடவிட்டுவிட்டு, அதைச் சுற்றி இருந்தார்களாம். மாமா ஒன்றில் எங்கள் உடுப்பைப் போட்டாராம். ஒருவர் மொழி ஒருவருக்குத் தெரியாது. ஆனால் ஏன் வந்தாய் என்று யாரும் யாரையும் கேட்கவில்லை.

அந்தப் பெண் கதவைத் தட்டித் திறந்தார். "போன்ஜூர்" என்றார் மாமா. இந்த வீட்டில் எத்தனை பேர் என்று கேட்டார் அந்தப் பெண். ருமேனிய மாமியார் எல்லோரையும் ஒருமுறை பார்த்துவிட்டு ஐந்து விரலைக் காட்டினா. எங்கே படுக்கிறீர்கள் என்ற அடுத்த கேள்விக்கு ஆளுக்கொரு மாடியைக் காட்டக் குட்டு வெளிப்பட்டது.

பிறகு அந்தப் பெண், பள்ளிக்கூடத்தில் தவறவிட்ட பிள்ளைகளைக் கொண்டுவந்து விடுவதுபோல, ஒவ்வொரு கதவாகத் தட்டி ஆளை ஒப்படைத்துக்கொண்டு வந்தார். எங்கள் கதவைத் திறந்தால் அவருக்குப் பின்னால் ஈரக் கூடையோடு மாமா.

"இவர் இஞ்சையோ இருக்கிறவர் எண்டு கேக்கிறா, அப்பா" என்றாள் மகள்.

ஊரில் சுற்றிவளைப்பு நடக்கும்போது முகம் மூடிய ஒருவன் எங்கள் முன்னால் இருப்பான். அவன் தலையாட்டினால் அந்த ஆளைக் கொண்டுபோய்விடுவார்கள். இப்போது என்னிடம் ஒரு ஆளைக் காட்டிக் கேட்கிறார்கள். என் தலை அசைய மறுத்துவிட்டது.

"என்ன அத்தான், கழுத்துப் பிடிச்சிட்டுதோ?" என்றார் மாமா.

"நீர் சும்மா இரும். உம்மடை வழக்குக்குத்தான் பாக்கிறன்."

மகள் அந்தப் பெண்ணோடு கதைத்துவிட்டுத் திரும்பினாள். "இந்தத் தாள் வேறை அரசாங்கக் கந்தோர் ஒண்டுக்கும் போகாதாம். அது சட்டமாம்."

"சட்டம் எண்டு எல்லாரும்தான் சொல்லுவினம்" என்றேன்.

மாமா கூடையைக் கீழே வைத்தார். "அத்தான், ஒண்டரை வருசமா உங்கடை சோபாவிலை கிடக்கிறன். ஆரும் வந்தா விசிட் எண்டுறியள். எண்ண வந்தா ஒளிக்கச் சொல்லுறியள். பிடிச்சா என்னைத்தானே பிடிப்பாங்கள், பிடிக்கட்டும். நான் எங்கையோ ஒரு இடத்திலை இருக்கிறன் எண்டு ஒருத்தராவது எழுதட்டுமன்."

அம்மா குசினி வாசலில் நின்று என்னைப் பார்த்தா.

"ஓம்" என்றேன். "இஞ்சைதான் இருக்கிறார்."

மகள் அதைப் பிரெஞ்சில் ஒரு சின்ன "வீ" ஆக்கினாள். அந்தப் பெண் மாமாவின் பெயரை எழுத்தெழுத்தாகக் கேட்டுப் பதிந்தார். வீட்டில் பேசும் மொழி என்ன என்று கேட்டதும், நான் வாய் திறக்க முதல், "தமிழ்!" என்று மாமா சத்தம் போட்டார். மேல்மாடிக்குக் கேட்டிருக்கும்.

அடுத்த நாள் நீங்கள் எல்லோரும் கோயிலுக்குப் போனபின் நான் மட்டும் கீழே வாசலுக்குப் போனேன். எங்கள் தபால்பெட்டியிலிருந்த பெயர்ச்சீட்டை நகத்தால் கிளப்பி எடுத்தேன். மாமாவின் பெயருக்கு அதில் இடம் இருக்கவில்லை. புதுச் சீட்டொன்று வெட்டி, எங்கள் பெயரையும் அவர் பெயரையும் ஒரே அளவில் எழுதி உள்ளே செருகினேன். கொஞ்சம் சரிந்து நின்றது. பெருவிரலால் தள்ளி நேராக்கினேன்.