மனுவில் எழுதாத பட்டம்

மலாக்காவின் செங் தொழிற்பேட்டையில் வேலை கேட்டுப் போன அன்று, மனு பாரத்தில் இரண்டு பொய் எழுதினேன். கல்வித் தகுதி என்ற இடத்தில், ஐந்தாம் படிவத்தோடு நின்றுவிட்டவள் போல, பள்ளி இறுதித் தேர்வான எஸ்.பி.எம். என்று மட்டும் போட்டேன். அதற்குப் பிறகு என்ன செய்தீர்கள் என்ற கட்டத்தில், நோயாளி அப்பாவைப் பார்த்துக்கொண்டேன் என்று எழுதினேன். பல்கலைக்கழகத்தில் பயோடெக் படித்த நாலு வருஷத்தை மறைக்க எனக்கு வேறு வழி தோன்றவில்லை. என் அப்பாவோ கல்லைத் தின்றாலும் செரிக்கிற ஆள். தினமும் பள்ளி வேன் ஓட்டுகிறார். அவரைப் பேனாவாலேயே படுக்கையில் கிடத்தினேன்.

உண்மையை எழுதிப் பார்க்காமல் இல்லை. பட்டம் வாங்கி ஒன்றரை வருஷம் உண்மையைத்தான் எழுதிக்கொண்டிருந்தேன். ஆய்வுக்கூட வேலைகளெல்லாம் கோலாலம்பூர் பக்கம் இருந்தன. எழுதிப் போட்டால் மூன்று வருஷ அனுபவம் வேண்டும் என்றார்கள். வேலையே தராவிட்டால் அனுபவத்தை எந்தக் கடையில் வாங்குவது? ஆயர் குரோவில் எங்கள் தாமான் குடியிருப்பிலிருந்து நெடுஞ்சாலைக்குப் போகிற வழியில், தொழிற்சாலை வேலிகளில் ஓப்பரேட்டர் உடனடித் தேவை என்ற பதாகை எப்போதும் தொங்கும். அங்கே போனால், டிகிரி படித்தவள் மூன்று மாதத்தில் ஓடிவிடுவாள் என்று பாரத்தைத் திருப்பித் தந்தார்கள். இரண்டாவது இடத்திலும் அதையே கேட்டபோது எனக்கு ரத்தம் கொதித்தது. மூன்றாவது இடம் செங். அங்கேதான் பட்டத்தை விழுங்கினேன். மறுநாளே வேலை கிடைத்தது.

பள்ளியில் படித்த காலத்தில் ஆலோசகர் ஆசிரியை, "எதிர்காலமே பயோடெக்தான்" என்று சொல்லியிருந்தார். எதிர்காலம் வரத்தான் செய்தது. மலாக்காவில் மட்டும் இறங்காமல் போய்விட்டது.

வேலை பெரிய வித்தையில்லை. இயந்திரம் துப்புகிற பிளாஸ்டிக் மூடிகளை விளக்கின் கீழே திருப்பிப் பார்க்க வேண்டும். விளிம்பில் பிசிறு இருந்தால் சிவப்புக் கூடையில் போட வேண்டும். எட்டு இயந்திரங்களில் மூன்று சும்மா கிடந்தன. அச்சு மாற்றி ஓட்டத் தெரிந்த டெக்னீஷியன் கிடைக்கவில்லை என்று மாதக்கணக்காகத் தேடிக்கொண்டிருந்தார்கள். எனக்கு ஒரு செல்லிலிருந்து டிஎன்ஏவைப் பிரித்தெடுக்கத் தெரியும். எந்த நட்டுக்கு எந்த ஸ்பேனர் என்று தெரியாது. நின்றுபோன அந்த இயந்திரங்களைக் கடந்து போகும்போதெல்லாம் எரிச்சலாக வரும். அவற்றின் மேலா, என் மேலா என்று பிரித்துப் பார்க்க முடியாத எரிச்சல்.

வீட்டில் நான் லேப்பில் இருப்பதாகச் சொல்லி வைத்திருந்தேன். அதனால் ஃபேக்டரியின் நீலச் சட்டையை வீட்டுக்குக் கொண்டுபோக முடியாது. ஞாயிற்றுக்கிழமைகளில் காசு போட்டால் இயந்திரம் ஓடுகிற டோபிக் கடையில் துவைத்து, காய்ந்து முடிகிறவரை அங்கேயே உட்கார்ந்திருப்பேன். ஃபேக்டரியில் நடந்ததை வீட்டில் சொல்ல முடியாது, வீட்டில் நடந்ததை ஃபேக்டரியில் சொல்ல முடியாது. வாய் இருந்தும் ஊமை. என்னை முழுசாகத் தெரிந்த ஆள் அந்த ஊரில் ஒருவர்கூட இல்லை என்பது டோபியில் உட்கார்ந்திருக்கும்போதுதான் உறைக்கும்.

எங்கள் லைனில் தமிழ் பேச என்னைத் தவிர ஒரே ஒருவர், பக்கத்து இயந்திரத்து அக்கா. மஸ்ஜித் தானா ஊர்ப் பக்கத்திலிருந்து கம்பெனி பஸ்ஸில் வருவார். ரப்பர் தோட்டத்தில் பிறந்து மூன்றாம் படிவத்தோடு நின்றவர். இருபது வருஷமாக அதே வேலை. விளக்கே வேண்டாம், விரலால் ஒரு தடவு தடவிப் பிசிறைக் கண்டுபிடித்துவிடுவார். முதல் வாரமே என் கதையைக் கேட்டார். பாரத்தில் எழுதியதை அப்படியே ஒப்பித்தேன். அதிலிருந்து தினமும் அதே விசாரிப்பு.

"அப்பா இன்னைக்குச் சாப்டாராம்மா?"

ஒருநாள் டப்பாவில் நொய்க்கஞ்சி கொண்டுவந்து, சூடு பண்ணிக் கொடு என்றார். கார் நிறுத்துமிடத்தில் உட்கார்ந்து நானே குடித்தேன். ருசியாக இருந்தது. குடித்து முடித்ததும் அழுகை வந்தது.

அண்ணனின் கல்யாணம் வந்தது. எங்கள் ஆட்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. வீட்டில் யாராவது பட்டம் வாங்கியிருந்தால், கல்யாணப் பத்திரிகையில் பெயருக்குப் பின்னால் அதை அச்சடிக்காமல் விடமாட்டார்கள். அண்ணன் வெல்டர். ஆள் கிடைக்காமல் அவனை ஜொகூர்வரை கூப்பிடுகிறார்கள். மாப்பிள்ளையான அவன் பெயர் மொட்டையாக நின்றது. கீழே தங்கையான என் பெயருக்குப் பின்னால் பி.எஸ்சி. (ஹானர்ஸ்), பயோடெக் என்று தங்க எழுத்து மின்னியது. அம்மா ஒரு கட்டுப் பத்திரிகையை என் கையில் திணித்தார்.

"ஒன் ஆபிஸ் ஆளுங்களுக்குக் குடு. பத்துப் பேரு உக்கார்ற மாதிரி ஒரு மேசைய ஒதுக்கிட்டேன்."

அந்தக் கட்டு மூன்று வாரம் காரின் பின்பக்கத்தில் கிடந்தது. பத்திரிகை ஃபேக்டரிக்குள் போனால் என் குட்டு உடையும். பொய்த் தகவல் கொடுத்தால் வேலை நீக்கம் என்று பாரத்தின் அடியில் நானே கையெழுத்துப் போட்டிருந்தேன்.

கல்யாணத்துக்கு முந்தின வாரம், தேநீர் இடைவேளையில் அக்கா முகமெல்லாம் சிரிப்பாக வந்தார்.

"எம்மக ஆறாம் படிவம் முடிச்சிட்டாம்மா. யுனிவர்சிட்டிக்கு மனு போடணும், அடுத்த வெள்ளிக்கெழம கடைசி. பயோடெக்கு எடுக்கப் போறாளாம். எதிர்காலமே அதுதான்னு டீச்சர் சொன்னாங்களாம்."

தேநீர் எனக்குப் புரையேறியது. அக்கா என் தலையைத் தட்டிவிட்டார்.

"ஒனக்குத்தான் படிக்கக் குடுத்து வைக்கல. அவளாச்சும் படிக்கட்டும்லா."

அந்தப் பெண் என்ன படித்து எங்கே வந்து நிற்பாள் என்று சொல்ல அந்தக் கூரைக்குக் கீழே தகுதியுள்ள ஒரே ஆள் நான். "நல்லதுக்கா" என்றேன். அதைவிடக் கோழைத்தனமான வார்த்தையை நான் பேசியதில்லை. உண்மையைச் சொன்னால் வேலை போய்விடும் என்று ஐந்து நாள் பயந்துகொண்டிருந்தேன். அக்கா வழக்கம்போல அப்பாவை விசாரித்துக்கொண்டே இருந்தார்.

வியாழக்கிழமை காரிலிருந்து ஒரு பத்திரிகையை எடுத்து வந்தேன். வாயால் சொல்லத் தைரியமில்லை, அச்சு சொல்லட்டும் என்று நீட்டினேன். அக்கா எழுத்தின் மேல் விரலை வைத்து ஒவ்வொரு பெயராக வாசித்தார். என் பெயரில் விரல் நின்றது.

"இது நீயா?"

"நான்தான்கா."

"அப்பா?"

"நல்லா இருக்காருக்கா. வேன் ஓட்டுறாரு."

அக்கா பத்திரிகையிலிருந்து விரலை எடுத்தார். "ஒங்கிட்ட பேரு, நட்சத்திரம் கேட்டு, ஏழு மாசமா செவ்வாக்கெழம தவறாம அவருக்கு அர்ச்சனை பண்ணிட்டு இருக்கேன்" என்றார்.

மன்னிப்புக் கேட்டேன். அடைத்து வைத்திருந்ததை அவசர அவசரமாகக் கொட்டினேன். "பயோடெக்கு வேணாம்கா. என்னைப் பாருங்க. தொழிற்கல்லூரியில இந்த அச்சு மாத்துற வேலைய சொல்லிக் குடுக்குறாங்க. இங்கயே மூணு மெசின் ஆளில்லாம கெடக்கு. ஆயர் குரோ முழுக்கத் தேடுறாங்க."

"எங்கப்பா பால்மரம் சீவுனாரு. நான் பிளாஸ்டிக்கு பொறுக்குறேன். எம்மக ஸ்பேனர் புடிக்கணுமா?"

பத்திரிகையை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு தன் இயந்திரத்துக்குப் போய்விட்டார். அன்றும் மறுநாளும் என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை.

கல்யாணம் ஞாயிற்றுக்கிழமை, ஆயர் குரோவில் ஒரு மண்டபத்தில். ஆபிஸ் என்று அட்டை வைத்த மேசைக்கு யாரும் வரவில்லை. வெறும் மேசை உறவினர் கண்ணை உறுத்துமே என்று பட்டுச்சேலையோடு நானே போய் உட்கார்ந்தேன். பட்டு வேட்டியில் மேசை மேசையாகப் பம்பரம் போலச் சுற்றிக்கொண்டிருந்த அப்பா, என்னிடம் வந்து நின்றார்.

"ஒன் ஆளுங்க ஒருத்தரும் வரலையாம்மா?"

"ஷிப்டுப்பா."

அப்பா தலையாட்டிவிட்டுப் போனார். அதற்குப் பிறகு கூட்டம் அதிகமாகி, பக்கத்து மேசைக்காரர்கள் நாற்காலி கேட்டு வந்தார்கள். எடுத்துக்கொள்ளுங்கள், எடுத்துக்கொள்ளுங்கள் என்றேன். கடைசியில் நான் உட்கார்ந்திருந்த நாற்காலி மட்டும் மிஞ்சியது. பிரியாணியை ருசி தெரியாமல் சாப்பிட்டேன்.

திங்கட்கிழமை அக்காவே பேசினார். "வராததுக்குக் கோச்சுக்காத. வந்தா ஒங்கப்பா மூஞ்சிய எப்படிம்மா பாக்குறது? செத்துப் பொழைச்சவரப் பாத்த மாதிரி இருக்கும்" என்று சொல்லிச் சிரித்தார். நானும் சிரித்தேன். அவர் யாரிடமும் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை என்று தெரிந்தது. அந்தத் துணிச்சலில் கேட்டேன்.

"மனு போட்டாச்சாக்கா?"

"வெள்ளிக்கெழமயே போட்டாச்சு. பயோடெக்குதான்."

"நான் சொன்னேனேக்கா."

"சொன்ன. நீ சொன்னத ஒண்ணு விடாம அவகிட்டயும் சொன்னேன். பத்திரிகையயும் காட்டுனேன். பேருக்குப் பின்னால இருக்குற எழுத்தையே பாத்துக்கிட்டு இருந்தா. எங்க வம்சத்துல யாரு பேருக்குப் பின்னாலயும் எதுவும் போட்டதில்லம்மா."

அக்கா ஒரு மூடியின் விளிம்பைத் தடவிப் பார்த்துச் சிவப்புக் கூடையில் எறிந்தார். "நீ படிச்சிட்டு இங்க நிக்கிற. நான் படிக்காம இங்க நிக்கிறேன். கடைசியில இங்கதான் வரணும்னா, படிச்சிட்டே வரட்டும்லா."

விளக்கைப் போட்டுக்கொண்டு என் மூடிகளைப் பார்க்க ஆரம்பித்தேன்.