ஐந்தாவது வாக்குமூலம்

என் அண்ணன் யாரைப் பார்த்தாலும் "எப்படி இருக்கீங்க" என்று கேட்க மாட்டான். "என்ன ஆச்சு" என்றுதான் கேட்பான். தொழில் அப்படி. இருபத்திரண்டு வருடமாக இன்ஷூரன்ஸ் சர்வேயர். முட்டிக்கொண்ட வண்டி, நசுங்கிய கதவு, எரிந்த குடோன் எதுவானாலும் இவன் போய், டேப் பிடித்து அளந்து, போட்டோ எடுத்து, அங்கிருந்தவர்களிடம் வாக்குமூலம் வாங்கி அறிக்கை எழுத வேண்டும். அறிக்கையின் கடைசி வரி எப்போதும் ஒன்றுதான். 'கவனக்குறைவு யாருடையது?' அந்த இடத்தை அவன் ஒருநாளும் காலியாக விட்டதில்லை. வீட்டில் அவனுக்கு 'ரிப்போர்ட்' என்று பட்டப்பெயர். வைத்தவள் நான்.

நான் அவனைவிட இரண்டு வயது இளையவள். அவன் வீட்டு மாடி அறையில் இருக்கிறேன். பகலில் ஒரு பல் டாக்டரின் கிளினிக்கில் உட்கார்ந்து, கன்னத்தைப் பிடித்துக்கொண்டு வருகிறவர்களுக்கு டோக்கன் கொடுக்கிறேன். சாப்பாடு கீழே, அண்ணி கையால். ஆக, இந்தக் குடும்பத்தில் நான் பாதி ஆள், பாதி வேடிக்கை பார்க்கிறவள். வேடிக்கைக்குக் குறைச்சலே கிடையாது.

ஆபீஸ் புத்தியை ஆபீஸிலேயே கழற்றி வைத்துவிட்டு வரச் சிலருக்குத் தெரியும். இவனுக்குத் தெரியாது. ஒரு கண்ணாடி டம்ளர் கீழே விழுந்தால் போதும், அண்ணி துடைப்பத்தை எடுப்பதற்குள் கையை நீட்டித் தடுத்துவிடுவான். யாரும் எதையும் தொடக்கூடாது, நகர்த்தக்கூடாது. பிறகு டேப் வரும். மேஜை விளிம்புக்கும் தரைக்கும் எவ்வளவு உயரம், பெரிய துண்டு எவ்வளவு தூரம் போய் விழுந்தது என்று குறித்துக்கொள்வான். அதன்பின் சாப்பாட்டு மேஜையில் விசாரணை. ஒவ்வொருவராகக் கூப்பிடுவான். கடைசியில் யார் மேல் தப்பு என்று தீர்ப்பாகிறதோ, அவரே அந்த அறிக்கையை நல்ல கையெழுத்தில் ஒரு பிரதி எடுக்க வேண்டும். அதுதான் தண்டனை. பிரதி நீல ஃபைலுக்குப் போய்விடும். பிள்ளைகளை அடிக்கிற அப்பன்களுக்கு இவர் எவ்வளவோ மேல் என்று அண்ணி மனசைத் தேற்றிக்கொள்வாள்.

பிள்ளைகள் இரண்டு பேர். பெரியவனுக்குப் பதினொன்று, சின்னவளுக்கு எட்டு. இரண்டுக்கும் எதையாவது வளர்க்க வேண்டும் என்று உயிர். ஆனால் அந்த வீட்டுக்குள் வந்த எந்த ஜீவனும் நிலைத்ததில்லை. முதலில் இரண்டு தங்க மீன்கள். எப்போது பார்த்தாலும் வாயைத் திறந்து திறந்து மூடுகின்றனவே, பாவம் பசி போலிருக்கிறது என்று பெரியவன் தீனி டப்பாவை அப்படியே தொட்டியில் கவிழ்த்துவிட்டான். மறுநாள் இரண்டும் மல்லாந்து மிதந்தன. அறிக்கை: அளவுக்கு மீறிய உணவு. பெரியவன் பிரதி எடுத்தான்.

அடுத்து ஒரு லவ் பேர்ட்ஸ் ஜோடி. ஒன்று ஜன்னல் வழியாகப் பறந்து தப்பித்தது, புத்திசாலி. இன்னொன்று ஹாலில் மின்விசிறி மேல் உட்கார்ந்திருந்தது தெரியாமல், அடுப்பங்கரையிலிருந்து வியர்த்து வழிய வந்த அண்ணி சுவிட்சைப் போட்டுவிட்டாள். இரண்டு நாள் அவள் சரியாகச் சாப்பிடவில்லை. மூன்றாம் நாள் இவன் அறிக்கையை நீட்டினான். 'மேலே பார்க்காமல் விசிறியை இயக்கியது.' அண்ணி அழுதுகொண்டே பிரதி எடுத்தாள். கண்ணீர் விழுந்து இரண்டு வரி கலைந்துவிட்டது. கறை படிந்த பிரதி செல்லாது, மறுபடி எழுது என்று சொன்னான் பாருங்கள், அப்போது அண்ணி நிமிர்ந்து பார்த்த பார்வைக்கு அவன் சாம்பலாகியிருக்க வேண்டும். கொடுத்து வைத்தவன், பிழைத்துக்கொண்டான்.

பிள்ளைகள் இவனைவிட எவ்வளவோ தேவலை. பால்கனியில் பெரிய குரோட்டன்ஸ் தொட்டி ஒன்று இருக்கிறது. அதில்தான் அடக்கம். பெரியவன் இரண்டு நிமிடம் பேசுவான். சின்னவள் டம்ளரில் தண்ணீர் ஊற்றுவாள். இரண்டும் சேர்ந்து கண் வீங்க அழும், அப்புறம் பசிக்கிறது என்று உள்ளே ஓடிவரும். அழ வேண்டியதை அழுது முடித்துவிடுவதால் அவர்களுக்கு ஃபைல் தேவைப்படவில்லை. குரோட்டன்ஸும் நன்றாகத் தழைத்தது.

மூன்றாவதாக வந்ததுதான் உருண்டை. சின்னவளின் வகுப்புத் தோழி வீட்டு ஹாம்ஸ்டர் எலி குட்டி போட, அதில் ஒன்றை இவளுக்குக் கொடுத்திருந்தாள். வெளிர் பழுப்பு நிறம், உள்ளங்கையில் அடங்குகிற அளவு. அண்ணன் முகத்தைச் சுளித்தான். எலியைப் பிடிக்கப் பொறி வாங்குகிற உலகத்தில் எலிக்குக் கூண்டு வாங்கி ஊஞ்சலும் மாட்டுகிற கூத்தை இங்கேதான் பார்க்கிறேன் என்றான். சின்னவள் காதில் போட்டுக்கொள்ளவில்லை. தண்ணீர் மாற்றும் நேரத்தைக் கூண்டின் பக்கத்தில் எழுதி ஒட்டினாள். கூண்டுக் கதவைச் சாத்தினால் கொக்கியை மாட்டி, இரண்டு தடவை இழுத்துப் பார்ப்பாள். அந்த விஷயத்தில் அப்படியே அப்பனை உரித்து வைத்திருந்தாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அண்ணி பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு ஸ்கூல் ஷூ வாங்கக் கடைக்குப் போனாள். நான் மாடியில் தூங்கிக்கொண்டிருந்தேன். அண்ணன் ஹாலில், இழுத்தால் கட்டிலாகிற சோபாவில் படுத்திருந்தான். ஐந்து மணிக்கு அவர்கள் திரும்பி வந்த சத்தத்தில் நானும் இறங்கினேன். அண்ணன் டேப்போடு தரையில் உட்கார்ந்திருந்தான். கூண்டுக் கதவு திறந்து கிடந்தது. செருப்பு அலமாரிக்கும் சுவருக்கும் நடுவில் உருண்டை அசையாமல் கிடந்தது. உள்ளே புகுந்து சிக்கிக்கொண்டு மூச்சுத் திணறியிருக்கிறது என்றான்.

அன்று சாயங்காலமே விசாரணை. அண்ணி, பெரியவன், நான் என்று மூன்று பேருடையதும் சட்டென்று முடிந்தது. சின்னவளை எதிரே உட்கார வைத்தான். கதவைச் சாத்திவிட்டுத்தான் போனேன், இரண்டு தடவை இழுத்துப் பார்த்தேன் என்று அவள் தெளிவாகச் சொன்னாள்.

"நிச்சயமா சொல்ல முடியுமா?"

முடியும் என்றாள். அண்ணன் பேனாவை மேஜைமேல் வைத்தான். கண்ணாடியைக் கழற்றினான். நிச்சயமா என்று மறுபடி கேட்டான். ஆமாம் என்றாள், குரல் கொஞ்சம் இறங்கியிருந்தது. மூன்றாவது தடவை அவன் முன்னால் சாய்ந்து, மெதுவாகக் கேட்டான்.

"நல்லா யோசிச்சு சொல்லும்மா. நிச்சயமா சொல்ல முடியுமா?"

அவள் கூண்டைப் பார்த்தாள், தன் கையைப் பார்த்தாள். "தெரியலப்பா" என்றாள். அவன் அதை எழுதிக்கொண்டான். அறிக்கையின் கடைசி வரியில் அவள் பெயர் ஏறியது.

இந்த வித்தையைப் பற்றி அவனே என்னிடம் பீற்றிக்கொண்டதுண்டு. ஒரே கேள்வியை மூன்று தடவை கேட்டால் பொய் சொல்கிறவன் மட்டுமல்ல, உண்மை சொல்கிறவனும் ஆடிப்போய்விடுவானாம். மீசை வைத்த லாரி டிரைவர்களே மூன்றாவது கேள்வியில் எச்சில் விழுங்குவார்களாம். இவளுக்கு வயது எட்டு.

சின்னவள் அழவில்லை. குரோட்டன்ஸ் தொட்டிக்குத் தண்ணீர் ஊற்றச் சொன்னபோது, நான் தொடவில்லை, பெரியவனே ஊற்றட்டும் என்று பின்னால் நின்றாள். மறுநாளிலிருந்து அவளைக் கதவுப் பித்து பிடித்துக்கொண்டது. ஃப்ரிட்ஜ் கதவு, பாத்ரூம் கதவு, வாசல் கேட் எதைச் சாத்தினாலும் இழுத்துப் பார்ப்பாள், நாலடி போவாள், திரும்பி வந்து மறுபடி இழுப்பாள். ஸ்கூல் வேன் இரண்டு நாள் விட்டுவிட்டுப் போய்விட்டது.

மூன்றாம் நாள் டிவி ரிமோட்டைத் தேடி நான் சோபா மடிப்புக்குள் கையை விட்டேன். காய்ந்த வெள்ளரித் துண்டு ஒன்று வந்தது. சூரியகாந்தி விதைத் தோல் வந்தது. உள்ளே இரும்புக் கீலில் வெளிர் பழுப்பு நிறத்தில் ஒரு கொத்து மயிர் ஒட்டியிருந்தது. ரிமோட்டை விட்டுவிட்டு அண்ணன் வரும்வரை மாடிப்படியில் உட்கார்ந்திருந்தேன்.

முதலில் மழுப்பினான். வெள்ளரித் துண்டைக் காட்டினேன். அப்புறம் ஒவ்வொன்றாக வந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் வீட்டில் ஆள் இல்லாத நேரம் பார்த்து இவன்தான் உருண்டையை வெளியே எடுப்பானாம். நெஞ்சுமேல் விட்டுக்கொண்டு வெள்ளரிக்காய் ஊட்டுவானாம். எல்லார் முன்னாலும் எலி எலி என்று இளக்காரம், தனியாக இருந்தால் கொஞ்சல். அன்றைக்கு அது நெஞ்சுமேல் இருக்கும்போதே தூங்கிப்போயிருக்கிறான். எழுந்ததும் மறந்துபோய்ச் சோபாவை மடக்கியிருக்கிறான். எதுவோ தடுத்தது, முழங்காலால் அழுத்தினேன் என்றான். பிறகு அதை எடுத்துக்கொண்டுபோய்ச் செருப்பு அலமாரிக்குப் பின்னால் வைத்திருக்கிறான். விபத்து நடந்த இடத்தில் ஒரு துரும்பைக்கூட நகர்த்தாதீர்கள் என்று இருபத்திரண்டு வருடமாக ஊருக்கெல்லாம் உபதேசம் செய்தவன்.

"அவகிட்ட போய் சொல்லு" என்றேன்.

"அறிக்க குடுத்தாச்சு. இப்ப மாத்துனா இனிமே நான் சொல்ற எதையும் பிள்ளைங்க நம்பாது."

நான் அப்போதே கீழே இறங்கிப்போய்ச் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. அவன் வாயால் வரட்டும் என்று விட்டேன், இப்படித்தான் இப்போதும் எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். பயந்தேன் என்பதுதான் நிஜம். மாடி அறை அவனுடையது. அவனை வாய்க்கு வாய் கிண்டலடிக்கிற நான், வாயைத் திறக்க வேண்டிய நேரத்தில் கொழுக்கட்டை அடைத்தவள்போல் இருந்தேன். அதில் எனக்கு இன்னும் வெட்கம்தான்.

பதினோராம் நாள் மத்தியானம் ஸ்கூலிலிருந்து டீச்சர் போன் செய்தாள். அவர்கள் வகுப்பில் ஒரு ஆமைக் குஞ்சு இருக்கிறது, வாராவாரம் ஒரு பிள்ளை வீட்டுக்கு எடுத்துப் போகும். இந்த வாரம் சின்னவளின் முறை. அவள் வேண்டாம் என்றிருக்கிறாள். ஏன் என்று கேட்டதற்கு, "எனக்குக் கவனக்குறைவு இருக்கு மிஸ்" என்றாளாம், ஆஸ்துமா இருக்கிறது என்று சொல்வதுபோல. சாயங்காலம் அண்ணி இதைச் சொன்னபோது அண்ணன் பேப்பரை விரித்து முகத்தை மறைத்துக்கொண்டான்.

சின்னவள் சாப்பாட்டு மேஜையில் வந்து உட்கார்ந்தாள். பென்சிலைச் சீவி வைத்துக்கொண்டாள். பிரதி இன்னும் பாக்கி. வழக்கமாக மறுநாள் காலையிலேயே கேட்டுவிடுகிறவன் இந்தத் தடவை வாயே திறக்கவில்லை. அவளாகத்தான் அறிக்கையை எடுத்து எழுத ஆரம்பித்தாள். நான் எதிரே துணி மடித்துக்கொண்டிருந்தேன். பாதிப் பக்கத்தில் அவள் நிறுத்தினாள்.

"அப்பா, வீட்டுல இருக்கறவங்க அஞ்சு பேருன்னு போட்டிருக்கீங்க. வாக்குமூலம் நாலுதான் இருக்கு."

அது பரவாயில்லை, இருக்கிறபடி எழுது என்றது பேப்பர்.

"இல்லப்பா. கணக்கு சரியா இல்லன்னா அறிக்க செல்லாதுன்னு நீங்கதான சொல்லுவீங்க. உங்களோடது மட்டும் பாக்கி. சொல்லுங்க, நான் எழுதறேன்."

அவளுக்கு எந்தச் சந்தேகமும் இல்லை. தன் மேல் எழுதிய அறிக்கை ஒழுங்காக இருக்க வேண்டும், அவ்வளவுதான் அவள் கவலை. அண்ணன் பேப்பரை இறக்கி என்னைப் பார்த்தான். நான் உதவவில்லை. என் ஆயுளில் ஒரு துண்டை அவ்வளவு நேர்த்தியாக மடித்ததில்லை.

அவன் சொல்ல ஆரம்பித்தான். நெஞ்சுமேல் விட்டது, தூங்கியது, மடக்கியது, தடுத்தது, முழங்கால், செருப்பு அலமாரி. இரண்டாம் வகுப்பு முடித்த பிள்ளையின் வேகத்தில்தான் சொல்ல முடிந்தது. ஒவ்வொரு வரிக்கும் அவள் எழுதி முடிக்கும்வரை காத்திருக்க வேண்டியிருந்தது. நடுவில் ஒரு தடவை, கொஞ்சம் மெதுவாகச் சொல்லுங்கள் என்றாள். அடுப்பங்கரை வாசலில் அண்ணி கரண்டியோடு அப்படியே நின்றுவிட்டாள்.

முடிந்ததும் சின்னவள் கூண்டுக் கதவைப் பற்றிக் கேட்டாள். நான்தான் திறந்தேன், நீ சாத்திவிட்டுத்தான் போயிருந்தாய் என்றான். அவள் பென்சிலை மேஜைமேல் வைத்தாள்.

"நிச்சயமா சொல்ல முடியுமா?"

முடியும் என்றான். நிச்சயமா என்றாள். நிச்சயம் என்றான். வாங்கியதைத் திருப்பிக் கொடுக்கிறாள், படட்டும் என்று நான் உள்ளுக்குள் சந்தோஷப்பட்டேன். நிமிர்ந்து பார்த்தபோது அவள் தாடை நடுங்கிக்கொண்டிருந்தது. அவள் யாருக்கும் எதையும் திருப்பிக் கொடுக்கவில்லை. அந்தப் பதில் அவளுக்கு இன்னொரு தடவை வேண்டியிருந்தது.

"நல்லா யோசிச்சு சொல்லுங்கப்பா. நான் சாத்துனேனா?"

"சாத்துனம்மா. கொக்கி ரொம்ப இறுக்கமா இருந்துது. ரெண்டு கையால இழுத்துதான் தெறந்தேன்."

அவள் ரப்பரை எடுத்தாள். அவன் எழுதிய அறிக்கையின் கடைசி வரியில், பேனா மையில் இருந்த தன் பெயரைத் தாள் கிழிகிற மட்டும் அழித்தாள். பிறகு பென்சிலையும் தாளையும் அவன் பக்கம் தள்ளினாள். "பிரதி நீங்கதான் எழுதணும்" என்று சொல்லிவிட்டு, என் மடியில் இருந்த துணிகளின் மேல் விழுந்து, பதினோரு நாள் அழுகையையும் மொத்தமாக அழுதாள்.

அண்ணன் எழுதினான். நாலாவது வரியில் அவன் கண்ணிலிருந்து இரண்டு சொட்டு விழுந்து எழுத்து கலைந்தது. புறங்கையால் ஒற்றி எடுத்துவிட்டு மேலே எழுதப் போனான்.

"கறை படிஞ்ச பிரதி செல்லாது" என்றாள் அண்ணி, அடுப்பங்கரை வாசலிலிருந்தே. "மறுபடி எழுதுங்க."

அவன் வேறு தாள் எடுத்தான்.