பஜ்ஜித் தட்டும் பழைய விலையும்

கொதிக்கும் எண்ணெயில் வெங்காய பஜ்ஜி விழுகிற அந்த ‘சொய்ங்’ சத்தம் எங்கே கேட்டாலும் எனக்கு வலது தொடை வலிக்கும். போன ஆவணியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பெங்களூரு காக்ஸ் டவுனில் என் தங்கை வீட்டுக் கூடத்தில் ஆரம்பித்த வலி அது.

தங்கை மகளைப் பெண் பார்க்க வருகிறார்கள். தங்கை கணவர் இல்லாத வீடு. தாய்மாமன் நான்தான் முன்னால் உட்கார்ந்து பேச வேண்டும். தங்கைக்கு அதுதான் கவலை. எனக்கு ஒரு வியாதி உண்டு. எந்தப் பொருளைக் கண்டாலும் அதன் பழைய விலை வாயிலிருந்து தானாக வந்து விழும். கடையில் தக்காளியைப் பார்த்தால், அதன் பின்னால் முப்பது வருஷத்துத் தக்காளிகள் வரிசைகட்டி நிற்கும். இதற்கு முன்னால் வந்த பிள்ளை வீட்டாரிடம், மல்லிகை முழம் ஒரு ரூபாய்க்கு விற்ற கதையை ஆரம்பித்தேன். அந்த அம்மாள் தன் தலையிலிருந்த பூவை ஒருமுறை தொட்டுப் பார்த்துக்கொண்டார். “வீட்டுக்குப் போய் போன் பண்றோம்” என்று கிளம்பியவர்கள்தான். போன் வரவில்லை. கஞ்சக் குடும்பம் என்று அவர்கள் சொன்னது மட்டும் எப்படியோ வந்து சேர்ந்தது.

“அண்ணா, இவளுக்கு இந்தப் பையனைப் புடிச்சிருக்கு. போட்டோ வந்ததுலேர்ந்து தானா சிரிச்சிட்டிருக்கா. இன்னிக்கு ஒரு நாள் விலைவாசி பேசாதே, உன் கால்ல விழறேன்” என்றாள் தங்கை. தொடையைக் கிள்ளிக்கொண்டாவது வாயைக் கட்டுவதாகச் சத்தியம் செய்தேன்.

ஈஜிபுராவிலிருந்து பையனும் அவன் அப்பா அம்மாவும் ஆட்டோவில் வந்து இறங்கினார்கள். அப்பாவும் என் வயதுக்காரர்தான். எதையோ விழுங்கிவிட்டு வெளியே சொல்ல முடியாதவர் போல இருந்தார்.

“டிராபிக் எப்படி?”

“இருக்குங்க.”

“மழை?”

“வரும்ங்க.”

அதோடு பேச்சு தீர்ந்துவிட்டது. சமையலறையில் பஜ்ஜி எண்ணெயில் விழுகிற ஒவ்வொரு ‘சொய்ங்’குக்கும் நான் வலது தொடையைக் கிள்ளிக்கொண்டேன். பையனின் அம்மா முகம் சுருங்கிக்கொண்டே வந்தது. கஞ்சக் குடும்பம் என்ற பேர் போய், கர்வம் பிடித்த குடும்பம் என்ற பேர் வரப்போகிறது என்று தங்கை கண்ணாலேயே அழுதாள்.

பஜ்ஜி வந்தது. அப்பா ஒன்றை எடுத்து வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். அந்தப் பார்வையை எனக்குத் தெரியும். தினமும் கண்ணாடியில் பார்க்கிறேன். அவர் மனைவியின் முழங்கை அவர் விலாவில் இறங்கியது. ஓகோ, அந்த வீட்டிலும் ஒரு சத்தியம் நடந்திருக்கிறது!

கடைசியில் இரண்டு சத்தியத்தையும் உடைத்தது அந்த அம்மாள்தான். மரியாதைக்குச் சொன்னார்: “வெங்காயம் விக்கிற விலைல இவ்ளோ எதுக்குங்க?”

“கிலோ மூணு ரூபா!” என்றோம் நானும் பையனின் அப்பாவும் ஒரே குரலில்.

அப்புறம் மடை உடைந்தது. பால், சோப்பு, சிலிண்டர், சினிமா டிக்கெட். மசால் தோசை இரண்டு ரூபாய் என்றேன். “எங்க பக்கம் ஒண்ணேமுக்கால், சட்னி ரெண்டு தடவை” என்றார். பன் பட்டர் ஜாம் மூன்று ரூபாய் என்றார். நான் எழுந்தே நின்றுவிட்டேன்.

“தப்பு! ரெண்டரை.”

பெண் வீட்டுக்காரன் பிள்ளையைப் பெற்றவரைப் பார்த்துத் தப்பு என்று சொல்லிவிட்டேன். தங்கை காபித் தட்டோடு வந்து எங்கள் இருவருக்கும் நடுவில் நின்றாள்.

“எனக்கா தப்பு?” என்றார் அவர். “இவன் பொறந்த அன்னிக்கு ஆஸ்பத்திரி எதிர் பேக்கரில நின்னு தின்னேன் சார். ஜேபில இருந்ததே அஞ்சு ரூபா. மீதி ரெண்டு ரூபால பஸ் ஏறி எங்கம்மாகிட்ட ‘பையன்’னு சொல்லப் போனேன்.”

பையன் தன் அப்பாவை அப்போதுதான் முதல்முறையாகப் பார்ப்பவன் போலப் பார்த்தான்.

நான் உட்கார்ந்தேன். மூன்று ரூபாய்தான், வேறென்ன. இன்றைக்கும் பழைய விலை ஒன்று நாக்கு நுனிக்கு வரும்போது, அந்த விலைக்கு வாங்கிய நாளில் என் பக்கத்தில் நின்றது யாரென்று ஒருமுறை தேடிப் பார்த்துக்கொள்கிறேன். பெரும்பாலும் யாராவது நிற்கிறார்கள்.

அப்போது சமையலறை வாசலிலிருந்து தங்கை மகள் கேட்டாள்: “அப்போல்லாம் உங்க ரெண்டு பேருக்கும் சம்பளம் எவ்ளோ மாமா?”

இரண்டு வாயும் ஒன்றாக மூடின. முதலில் சிரித்தவன் பையன். அவனைப் பார்த்து அவள். அப்புறம் காபி ஆறும்வரை எல்லோரும்.

சிரித்தாலும் சம்மதமா இல்லையா என்று தெரியவில்லை. வாசலுக்கு வந்தபோது தங்கை கைகூப்பியபடி அந்தப் பாழும் ‘போன் பண்றோம்’ வாக்கியத்துக்காகக் காத்து நின்றாள். ஆட்டோக்காரர் முன்னூறு ரூபாய் கேட்டார். நானும் பையனின் அப்பாவும் மூச்சை இழுத்து வாயைத் திறந்தோம். அந்த அம்மாள் கணவரை உள்ளே தள்ளி, தானும் ஏறி உட்கார்ந்து, வெளியே தலையை நீட்டித் தங்கையிடம் சொன்னார்:

“மண்டபம் பேசப் போறப்போ இதுங்க ரெண்டையும் வீட்லயே விட்டுட்டுப் போலாம், சம்பந்தியம்மா!”