கட்டை விரலும் ஒரு பவுன் மெடலும்

எங்கள் செஞ்சிப் பக்கத்து ஆட்கள் ஒரே வார்த்தையில் ஆளை உரித்து உப்புக்கண்டம் போட்டுவிடுவார்கள். அந்தப் பேச்சைக் கேட்பதற்காகவே நான் கல்யாணம், கருமாதி எதையும் விடுவதில்லை. அப்படி அலைந்தவனுக்கு என் அப்பாவின், நைனாவின், சாவிலேயே ஒரு வார்த்தை கிடைத்தது.

நைனா, மல்லாட்டை என்று நாங்கள் சொல்லும் வேர்க்கடலையின் மண்டியில் முப்பது வருடம் மூட்டை எடை போட்டவர். பந்தலில் கிடத்தியிருந்தோம். கால் கட்டை விரல் இரண்டையும் வழக்கம்போல வெள்ளைத் துணியால் சேர்த்துக் கட்டியிருந்தார்கள். அந்தக் காலத்தில் மண்டிக்கு மல்லாட்டை கொண்டுவந்த விவசாயி ஒருவர், மண்டகப்பட்டுப் பக்கத்துப் பெரியவர், மாலையோடு வந்தார். மாலையைப் போட்டுவிட்டுக் கால்மாட்டில் நின்று குனிந்து பார்த்தார்.

“இப்பத்தான்யா இந்த வெரல கட்டிப் போட்டிருக்காங்க” என்றார்.

சுற்றி நின்றவர்கள் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். எனக்கு மட்டும் புரியவில்லை. எல்லாம் முடிந்த பிறகு தெருமுனையில் அவரைப் பிடித்தேன்.

“இன்னா மாமா, வெரலுன்னீங்களே?”

“உனுக்குத் தெரியாதா? நெசமாவா?” என்னைச் சுவரோரம் இழுத்தார். “தராசுத் தட்டு தரைக்கு நாலு வெரக்கட மேல தொங்கும். மூட்டைய வச்சதும் உங்க நைனா கிட்ட வந்து நிப்பான். வேட்டி மறைச்சிக்கும். தட்டுக்கு அடியில கட்டவெரல குடுத்து ஒரு தாங்கு. மூட்டைக்கு ரெண்டு கிலோ போச்சி. கண்ணு மட்டும் எங்க மூஞ்சியவே பாத்துக்னு இருக்கும்.”

“கேக்க மாட்டீங்களா?”

“கேட்டா அடுத்த மூட்டைக்கு ரெண்டு வெரலு.”

அந்த விரலை எனக்கு நன்றாகத் தெரியும். மேல்பக்கம் காய்த்துக் கறுத்து, புளியங்கொட்டை ஒட்டவைத்த மாதிரி இருக்கும். செருப்புக் கடி என்பார். அதற்கு நான் நெட்டி எடுத்துவிட்டிருக்கிறேன், எண்ணெய் தேய்த்திருக்கிறேன், கடைசி வருடம் நகம்கூட வெட்டிவிட்டேன். அன்றைக்கு வீட்டுக்குப் போய்ச் சோப்புப் போட்டு மூன்று முறை கை கழுவினேன். அழுக்குப் போன மாதிரி இல்லை.

காரியம் முடிந்து நானும் அக்காவும் அவர் பெட்டியைத் திறந்தோம். விரல் கதையை அவளிடம் சொல்லியிருந்தேன். மெடல் இருந்தது. மண்டி முதலாளி தன்னுடைய அறுபதாம் கல்யாணத்தின் நினைவாக அடித்து, பழைய ஆட்களுக்குக் கொடுத்த தங்க மெடல். ஒரு பக்கம் முதலாளியின் முகம். மறுபக்கம் ‘நேர்மைக்கு அன்புப் பரிசு’. “ஒவ்வொன்னும் ஒரு பவுன்!” என்று மைக்கில் சொல்லிக் கொடுத்தாராம். ஆயுத பூஜை தோறும் நைனா அதைத் துடைத்து, தராசுத் தட்டிலேயே வைத்து, பொட்டு வைத்துக் கும்பிடுவார். வருகிற போகிறவர்களுக்கெல்லாம் காட்டுவார். இத்தனை வருடத்துக் குங்குமம் முதலாளியின் மூக்குத் துவாரத்திலும் தாடை மடிப்பிலும் அடைந்து, சிரங்கு காய்ந்து நிற்பதுபோல இருந்தது. மூக்குப்பொடி நாற்றம் வேறு.

தை மாதம் என் மகனுக்குக் கல்யாணம். தாலி மாப்பிள்ளை வீட்டுப் பொறுப்பு. தங்கம் விற்கிற விலையில் நான் விழித்துக்கொண்டிருந்தது அக்காவுக்குத் தெரியும்.

“இத உருக்கித் தாலி பண்ணிடுடா. தாத்தா குடுத்ததா இருக்கட்டும்.”

“இந்த மூஞ்சியையா அந்தப் பொண்ணு கழுத்துல கட்டச் சொல்ற?”

“உருக்கினா மூஞ்சி ஏதுடா? நெருப்புல போனப்புறம் இன்னா அழுக்கு?”

வாதாட எனக்குத் தெம்பில்லை. நல்ல நாள் பார்த்து, வெற்றிலை பாக்கு மஞ்சளோடு மெடலைத் தட்டில் வைத்து, கடைவீதியில் பத்தரிடம் போனோம். வேறு வீட்டில் பிறந்து எங்களை நம்பி வரும் ஒரு பெண்ணின் கழுத்துக்கு இதைக் கொண்டுபோகிறேனே என்று பாதி வழியிலேயே தட்டை அக்கா கையில் கொடுத்துவிட்டேன்.

பத்தர் மெடலைக் கல்லில் உரசிப் பார்த்தார். பிறகு கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்த தராசில் வைத்தார்.

“தங்கம் நல்ல தங்கம்தாம்மா. ஆனா ஒரு பவுன்னு சொன்னீங்களே? எட்டு கிராம் வரணும். ஆறே முக்கால்தான் இருக்குது.”

அக்கா நம்பவில்லை. மறுபடி வைக்கச் சொன்னாள். எண் மாறவில்லை. சட்டென்று வாய்விட்டுச் சிரித்தாள்.

“அடப்பாவி! மொதலாளி நைனாவுக்கே வெரலு குடுத்துட்டானா!”

நான் சிரிக்கவில்லை. கையளவு மல்லாட்டையை அள்ளி எடை சொல்லுகிற மனிதர் என் நைனா. மேடையில் வாங்கின நிமிஷமே அந்தக் கைக்குத் தெரிந்திருக்கும். தெரிந்தும், குறைத்துக் கொடுத்தவனின் முகத்துக்கே வருடா வருடம் பொட்டு வைத்திருக்கிறார். ஊரை ஏய்த்ததைவிட இதுதான் எனக்கு அசிங்கமாக இருந்தது.

தராசுத் தட்டிலிருந்து மெடலை எடுத்துக் கீழே வைத்தேன். என் விரலிலிருந்த கல்யாண மோதிரம் சதையில் இறுகிப்போய்க் கழலவில்லை. பத்தர் வைத்திருந்த பூந்திக்கொட்டைத் தண்ணீரில் நனைத்து உருவித் தட்டில் போட்டேன்.

“தாலிக்கு இது போதும்.”

“பைத்தியமாடா உனுக்கு? தாலிப் பொட்டு கடுகாட்டம் வரும்” என்றாள் அக்கா. “அப்ப அத இன்னா பண்ணப் போற?”

“இங்கியே வித்துடு. எங்கூட்டுக்குள்ள வரக்கூடாது.”

விற்ற பணத்தை அவளே வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டாள். நான் தொடவில்லை.

கல்யாணத்துக்கு அந்தப் பெரியவரும் வந்தார். பந்தியில் நான் சாம்பார் வாளியோடு போனபோது கையைப் பிடித்து நிறுத்தினார்.

“மருமவ கழுத்துல கெடக்கறது அந்த மெடலாடா?”

“இல்ல மாமா. என் மோதரம். மெடல வித்துட்டேன். ஒரு பவுனுக்குக் கொறைவா இருந்துது.”

இலையில் சோறு தெறிக்கச் சிரித்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டு, “பாவம்டா, அவனுக்குத் தெரியாமலே போயிட்டுதே” என்றார்.

“அவருக்கா தெரியாது மாமா?”

சிரிப்பு நின்றது. பிசைந்த கை அப்படியே இலையில் கிடந்தது.

“அப்பறம் எதுக்குடா அத அப்படித் தொடச்சித் தொடச்சி வச்சான்?”

அடுத்த இலைக்காரர் சாம்பார் கேட்டார். ஊற்றப் போனேன்.