ஊட்டியில் ஒருவருக்கு மட்டும் அறை

படப்பையில் வீடு, ஒரகடத்தில் கம்பெனி. ஆனால் மெஷின் சர்வீஸுக்காக மாதத்தில் பாதி நாள் வெளியூர் ஹோட்டல்களில் தனியாகத்தான் இருப்பேன். அப்படித் தங்கியதற்கு ஹோட்டல் கம்பெனி கொடுத்த பாயின்ட்டுகளை வைத்து, கோடை விடுமுறைக்கு ஊட்டியில் அவர்களுடைய ஹோட்டலிலேயே இலவசமாக அறை போட்டேன்.

பெருமையாக மனைவி, மகளோடு போய் நின்றால் ரிசப்ஷனில் இருந்த பெண், "சார், ஒருத்தருக்குத்தானே புக் பண்ணியிருக்கீங்க?" என்றார். ஆப்பில் புக் செய்யும்போது வழக்கம்போல 'ஒருவர்' என்றே அழுத்தியிருக்கிறேன்!

நல்லவேளை, கூடுதல் மெத்தை போட்டுக் கொடுத்தார்கள்.

"அப்பா, நீ மட்டும்தான் வரதா இருந்தியா?" என்றாள் மகள்.

"வுடுடி, அவருக்கு அப்டியே பழகிடுச்சு" என்றாள் மனைவி.

இப்போதெல்லாம் எத்தனை பேர் என்பதைச் சரிபார்த்த பிறகே புக் செய்கிறேன். வேலைக்காகப் போகும்போதும் பார்க்கிறேன். அதில் 'ஒருவர்' என்பது சரியாகத்தான் இருக்கிறது.